நூற்றில் ஒரு பங்கு

மெஷின் துடைக்க வைத்திருக்கும் பனியன் துணியில் சுற்றித்தான் அத்தான் அதைக் கொண்டுவந்தார். மேசைமேல் இருந்த டீ கிளாஸை ஓரமாக நகர்த்திவிட்டுத் துணியைப் பிரித்தார். "ரெண்டு கையையும் நீட்டு" என்றார். நீட்டினேன். ஒரு சாண் நீளத்தில் ஒரு ரயில் பெட்டி. பழைய மீட்டர் கேஜ் வண்டிகளின் செங்காவி நிறம். ஜன்னல் கம்பிகள் தலைமுடி கனத்தில் இருந்தன. கால் வழுக்காமல் இருக்க வாசற்படியில் போட்டிருக்கும் வரிகள்கூட விட்டுப்போகவில்லை. விரலால் தள்ளினால் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் மகளை நிறுத்திவிட்டு நிற்கும் தகப்பனின் முகம் அது.

"எப்படி இருக்குன்னு உங்கிட்ட கேக்கல" என்றார். "யாரு வாங்குவா? அதை நீதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

அத்தான் என் அக்காவின் கணவர். ராஜபாளையத்தில், சத்திரப்பட்டிக்குப் போகும் சாலையில், நூற்பாலைகளுக்கு பிளாஸ்டிக் கோன் செய்து கொடுக்கும் சிறிய ஃபேக்டரி வைத்திருந்தார். நூலைச் சுற்றி அனுப்புகிற கூம்புக்குத்தான் கோன் என்று பெயர். நூல் இருக்கும்வரை அது நூலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். நூல் தீர்ந்தால் ஏதாவது ஒரு மூலைக்குப் போய்விடும். "எம்புட்டு கோன் செஞ்சிருப்பேன், ஒருத்தன்கூட கையில எடுத்து இது யாரு செஞ்சதுன்னு கேட்டதில்ல" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நாங்களும் சிரிப்போம். அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தபோது ஃபேக்டரி போயிருந்தது.

நான் அங்கே வேலைக்குப் போனதும் அவர் கருணையால்தான். கல்யாணம் சரிப்படாமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் ஏன், எதற்கு, யார் மேல் தப்பு என்று கேட்டார்கள். கேட்காதவர் அத்தான் ஒருவர்தான். "வீட்டுக்குள்ளேயே கெடக்காத. ஃபேக்டரிக்கு வா. உனக்கு ஒரு நாற்காலி இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முன் மதுரையில் ஒரு சர்வே கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்திருந்தேன். புதிதாக ஒரு சோப்போ பிஸ்கட்டோ கடைக்கு வருவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய், இதை வாங்குவீர்களா, எதற்காக வாங்குவீர்கள் என்று கேட்டு வரும் வேலை. அந்த வேலையில் நான் கற்றது ஒன்றே ஒன்று. "ரொம்ப நல்லா இருக்கு" என்று சட்டென்று சொல்கிறவர்கள் வாங்க மாட்டார்கள். வாங்கப் போகிறவர்கள் குறை சொல்வார்கள். மூடி இறுக்கமாக இருக்கிறதே, வாசனை நிற்குமா என்பார்கள். காசு கொடுக்கப் போகிற மனதுக்குத்தான் குறை தெரியும். பாராட்டு என்பது பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்கு நாகரிகமான ஒரு வழி.

அத்தானுக்கு ரயில் மேல் ஆசை எதுவும் இருந்ததில்லை. ராஜபாளையத்தில் வளர்ந்த மற்றவர்களைப் போல அவரும் மீட்டர் கேஜ் வண்டியில் போயிருக்கிறார், வந்திருக்கிறார், அவ்வளவுதான். அவரைப் பிடித்துக்கொண்டது ஒரு கணக்கு. பெங்களூரில் உறவுக்காரர் ஒருவர் வீட்டு மாடியில், அறை முழுக்கத் தண்டவாளம் போட்டு மாதிரி ரயில் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். எல்லாம் வெளிநாட்டு வண்டிகள். நம் ஊர் வண்டி ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறார். மாதிரி ரயில் செய்வதற்கென்று உலகத்தில் சில அளவுகள் இருக்கின்றன, நிஜ ரயிலை இத்தனை மடங்கு சுருக்க வேண்டும் என்று கணக்கு, அந்த அளவுகளில் நம் மீட்டர் கேஜை யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை என்று உறவுக்காரர் சொல்லியிருக்கிறார். அத்தான் ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே யோசித்துவிட்டார். மீட்டர் கேஜ் என்றால் தண்டவாளம் இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர். அதை நூறு மடங்கு சுருக்கினால் ஒரு சென்டிமீட்டர். எண்பத்தேழு, நூற்றிருபது என்று மற்றவர்கள் வைத்திருக்கும் தலைசுற்றும் கணக்கு எதுவும் வேண்டாம். நூற்றில் ஒரு பங்கு. உலகத்தில் எவனும் தொடாத அளவு. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டாம்மா" என்றார். "நாம போடுறதுதான் அளவு. பொறவு மத்தவன் நம்ம அளவுக்கு வருவான்."

அந்தக் கணக்கு அழகாகத்தான் இருந்தது. இப்போதும் சொல்கிறேன், அதைவிட அழகான கணக்கை நான் கேட்டதில்லை. ஆனால் யாரும் தொடாத அளவு என்றால், அந்த அளவில் தண்டவாளம் கிடையாது, என்ஜின் கிடையாது, ஸ்டேஷன் கிடையாது, சிக்னல் கம்பம் கிடையாது என்றும் பொருள். ஒருவன் அத்தானின் பெட்டியை வாங்கினால் மற்ற எல்லாவற்றையும் அத்தானிடமேதான் வாங்க வேண்டும். அத்தான் அதை வியாபாரத்தின் பலமாக நினைத்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பினேன். முதலில் எங்கள் ஊர் ஸ்டேஷன் பக்கம் காலையில் நடக்க வரும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள். கார்டாக இருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "இந்தப் படியில எத்தனை நாள் தொங்கியிருக்கேன் தெரியுமா தாயி" என்றார். வாங்குவீர்களா என்று கேட்டேன். "எங்க பென்ஷன்காரங்க சங்கத்துக்கு ஒண்ணு குடுக்கச் சொல்லு. மேடையில வச்சு, உங்க அத்தானுக்கு ஒரு துண்டும் போத்திருவோம்" என்றார். மதுரையில் பொம்மைக் கடைக்காரர்கள் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். சாவி எங்கே, விளக்கு எரியுமா, பாட்டுப் பாடுமா, பிள்ளை கீழே போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். கீழே போடக் கூடாது என்றேன். "அப்ப அது பொம்மை இல்லம்மா" என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள். பள்ளிக்கூடங்களில் தலைமையாசிரியர்கள் மகிழ்ந்தார்கள். கண்ணாடிப் பெட்டியோடு இலவசமாகத் தந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள்.

கடைசியாகச் சென்னைக்குப் போனேன். மாதிரி ரயில் வைத்திருப்பவர்கள் சிலர் மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடுவார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். நரைத்த தலைகள்தான் அதிகம். நல்ல வேலையில் இருந்தவர்கள், இருப்பவர்கள். பெட்டியைப் பார்த்ததும் ஒருவர் பூதக்கண்ணாடி எடுத்துவந்தார். மேற்கூரையின் காற்றுக் குழல் ஒன்று கொஞ்சம் தடித்துவிட்டது என்றார் இன்னொருவர். கழிப்பறை ஜன்னல் ஒரு மயிரிழை இறங்கியிருக்க வேண்டும் என்றார் மூன்றாமவர். என் மனம் துள்ளியது. குறை சொல்கிறார்கள், வாங்கப் போகிறார்கள். அப்போது அந்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற என்ஜினியர், பெட்டியைத் தன் தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தார். சக்கரம் தண்டவாளத்தின்மேல் நிற்காமல் இரண்டுக்கும் நடுவே தரையில் இறங்கியது.

"இது என்ன ஸ்கேல்?" என்று கேட்டார். சொன்னேன்.

"அம்மா, மீட்டர் கேஜுக்குன்னு பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டவாளம் உலகம் பூரா கிடைக்குது. உங்க அத்தான் பத்துல செஞ்சிருக்கார். கொஞ்சம் பெரிசா, அந்த அளவுல செஞ்சு தரச் சொல்லுங்க. நான் இப்பவே சொல்லிவைக்கிறேன், முழு வண்டியும் எனக்கு வேணும். இங்க இருக்கிற எல்லாருமே வாங்குவாங்க. ஆனா இந்த அளவுல வேண்டாம். இதுக்காக நாங்க வீட்டுல போட்டு வச்சதையெல்லாம் பிடுங்கிப் போட முடியுமா?"

இரண்டு மில்லிமீட்டர். ஊருக்குத் திரும்பும் ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வாங்க ஆள் இருக்கிறது. என்ன வேண்டுமென்று அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள். பெட்டிகளை வார்க்கும் பெரிய அச்சுகளை வெட்ட அத்தான் இன்னும் கொடுக்கவில்லை, அளவை மாற்ற நேரம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த தொழிலில் இதைவிட நல்ல செய்தி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் வெளியே போயிருந்தார். அடுப்படியில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் அரிவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. "இது ஓடாதுட்டி. எனக்கு முதல்லயே தோணுச்சு" என்றாள். "மில்லுக்காரங்க கோன் கேட்டு போன் மேல போன் அடிக்காங்க. அவிய ரெண்டு மெஷினை நிறுத்தி வச்சுட்டு ரயிலுக்குச் சக்கரம் ஊத்துதாவ. நான் சொன்னா, பொம்பளைக்கு என்ன தெரியும்ங்கதாவ. நீ வெளிய போயி பாத்துட்டு வந்தவ. நீ சொன்னா கேப்பாவ. இன்னைக்கே சொல்லிரு. ஒளிக்காம சொல்லு." என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். வெங்காய வாசனை அடித்தது.

சாப்பாட்டு மேசையில் அத்தானும் அவருடைய அம்மாவும் இருந்தார்கள். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் ஒளிக்காமல் சொன்னேன். பெட்டியை எல்லோரும் மெச்சுகிறார்கள், இந்த அளவில் யாரும் வாங்க மாட்டார்கள், இரண்டு மில்லிமீட்டர் மாற்றினால் வாங்க ஆள் தயாராக இருக்கிறது என்றேன். அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிசைந்ததை வாயில் வைக்கவில்லை.

"யாரு வாங்குவான்னு பாத்துட்டு வரச் சொன்னேன்" என்றார். "யாரு வாங்க மாட்டான்னு பாத்துட்டு வந்திருக்க."

"அத்தான், அளவை மட்டும் மாத்திட்டா..."

"மத்தவன் போட்ட தண்டவாளத்துல என் வண்டி ஏன் ஓடணும்? அதுக்கு நான் கோனே செஞ்சுக்கிட்டு இருக்கலாமே."

அவருடைய அம்மா என்னைப் பார்க்காமல், ரசத்தைப் பார்த்துப் பேசினார்கள். "நல்ல காரியம் தொடங்கும்போது நல்ல வாக்கு சொல்லணும். வாழ்ந்து வெளங்குனவ சொன்னா கேக்கலாம். கருநாக்குக்காரிய எதுக்கு இதுல இழுத்துவிட்ட?" நாங்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அத்தான்கூடப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அவளுக்கு என்ன தெரியும், இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்று அவரிடம் கேட்டாள்.

மறுநாளும் நான் ஃபேக்டரிக்குப் போனேன். என் நாற்காலி இருந்தது. எனக்கு வேலை இல்லை. டீ வந்தது, யாரும் பேசவில்லை. சில வாரம் அப்படிப் போய் உட்கார்ந்து வந்தேன். பிறகு போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அத்தான் தன் அளவிலேயே முழு வண்டியையும் செய்து முடித்து, ராஜபாளையத்தில் ஒரு மண்டபத்தைப் பிடித்து அறிமுக விழா வைத்தார். எனக்கு அழைப்பு இல்லை, ஆனாலும் போனேன். மேடையில் பச்சைத் துணி விரித்துத் தண்டவாளம் வளைந்து வளைந்து போட்டிருந்தது. பின்னால் அட்டையில் மலை வரைந்து நிறுத்தியிருந்தார்கள். என்ஜின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு சிறு குலுக்கல்கூட இல்லாமல் போனது. கூட்டம் முழுக்கச் சொந்தக்காரர்கள், மில்காரர்கள், சங்கத்துப் பென்ஷன்காரர்கள். எல்லோரும் செல்போனில் படம் பிடித்தார்கள். எல்லோரும் அத்தானின் கையைக் குலுக்கி, ராஜபாளையத்துக்கே பெருமை என்றார்கள். போகும்போது ஆளுக்கொரு பால்கோவா பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்கள். அத்தான் பட்டுச் சட்டையில் வாசலில் நின்று வழியனுப்பிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எனக்கு முதல்லயே தெரியும், இது நல்லா வரும்னு."

பிறகு நடந்தது சொல்ல அதிகமில்லை. வாங்கியவர்கள் யார் என்று கேட்டால், ரயிலை ஓட்ட நினைத்த ஒருவர்கூட வாங்கவில்லை. பணி ஓய்வு பெறும் அதிகாரிகளுக்கு நினைவுப் பரிசு கொடுக்க நினைத்தவர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தண்டவாளம் வேண்டாம், என்ஜின் வேண்டாம். பெட்டி ஒன்று போதும், அதுவும் மரப்பலகையில் அசையாமல் ஒட்டியிருக்க வேண்டும், கீழே பெயர்ப் பலகை வேண்டும். அத்தான் முதலில் மறுத்துவிட்டார். ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டியிருந்தபோது ஒத்துக்கொண்டார். சத்தமில்லாமல் சுற்றும்படி அவர் அத்தனை நாள் பாடுபட்டுச் செய்த சக்கரங்களில், மெஷின் ஓட்டும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பசை தடவினார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர் ஒருவர் பஸ்ஸில் வைத்து என்னிடம் சொன்னார். அத்தான் அந்தப் பக்கமே வருவதில்லையாம். அதுவும் ஒரு சீசனோடு நின்றுபோனது. அதற்குள் நூற்பாலைகள் வேறு இடத்தில் கோன் வாங்கப் பழகிவிட்டன. மெஷின்களை விற்றார்கள். இடத்தை விற்றார்கள். ரயில் அச்சுகளைக் கேட்க ஆள் இல்லை. பழைய இரும்பு எடுப்பவர் கொண்டுபோனார்.

ஒரு வியாபாரம் தோற்றால் அதற்குக் காரணம் வேண்டும். அளவு என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. என் நாக்கு கைக்கு வசமாக இருந்தது. முதலில் அத்தானின் அம்மா சொன்னார்கள். பிறகு உறவில் நாலு பேர் சொன்னார்கள். அக்காவும் அதையே சொல்கிறாள் என்று சுந்தரபாண்டியத்துச் சித்தி வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. அக்கா மகளின் நிச்சயத்தில் நம்ப வேண்டியதாயிற்று. தட்டு மாற்றும் நேரத்தில் நான் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என் தோளைத் தொட்டு, "நீ செத்த அங்கிட்டு உக்காரு. ஒண்ணும் நெனைச்சுக்காத" என்றாள். நான் அங்கிட்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எந்த நல்ல காரியத்திலும் எனக்கு இடம் அங்கிட்டுத்தான்.

இப்போது யாரோ வேறு ஊரில் அதே செங்காவிப் பெட்டியைப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும்படி செய்து விற்கிறார்கள். வீடியோவில் பார்த்தேன். அத்தானுடைய பெட்டியின் சுத்தம் அதில் இல்லை. ஆனால் ஓடுகிறது, வாங்குகிறார்கள், இன்னொன்று எப்போது வரும் என்று கீழே எழுதிக் கேட்கிறார்கள். நான் சொன்னதுதான் சரி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். செல்போனை மூடி வைத்தேன். சரியாகச் சொன்னதால் எனக்குக் கிடைத்தது என்ன என்று யோசித்தேன். சொந்த அக்கா கிடைக்கவில்லை. அந்த நாற்காலி கிடைக்கவில்லை. கூட்டம் கூடிய இடத்தில் பின்வரிசை கிடைத்தது.

போன மாதம் அத்தானுக்குக் கண் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு ராஜபாளையம் போனேன். வாடகை வீடு. பேண்டேஜ் துணி செய்யும் ஒரு இடத்தில் அவர் சூப்பர்வைசராக இருக்கிறார். நான் போனபோது அக்கா பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். ஒரு கண்ணில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், குரலை வைத்தே என்னைத் தெரிந்துகொண்டார். பழத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் ஆபரேஷனைப் பற்றிப் பேசினோம். பிறகு அவராகவே தொடங்கினார்.

"உன் நாக்காலதான் போச்சுன்னு ஊரு சொல்லுது. நான் ஒருநாளும் சொன்னதில்ல. அளவுலதான் போச்சு. அது எனக்குத் தெரியும்."

இத்தனை வருடம் நான் காத்திருந்த வார்த்தை. அவர் நிறுத்தவில்லை.

"ஆனா நீ சொல்லாம இருந்திருந்தா, தெரியாம இறங்கிட்டோம்னு என் மனசை நான் ஆத்தியிருப்பேன்மா. தெரிஞ்சே இறங்கினவனா ஆக்கிப்புட்ட. அதைத்தான் என்னால தாங்க முடியல. உன்னைப் பாக்கும்போதெல்லாம் அந்தச் சாப்பாட்டு மேசைதான் ஞாபகத்துக்கு வருது. உங்க அக்கா ஒருத்திதான் கடைசிவரைக்கும் நம்புனா. அவ ஒருத்திக்காகத்தான் இன்னும் உக்காந்திருக்கேன்."

எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அடுப்படியில் என் கையைப் பிடித்துச் சொல்லச் சொன்னவள் யார் என்று சொன்னால் முடிந்தது. கட்டில்லாத அந்த ஒரு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "நேரத்துக்கு மருந்து விட்டுக்கிடுங்க அத்தான்" என்றேன்.

அக்கா பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். காபி போட்டுத் தந்தாள். மூன்று பேரும் அதைக் குடித்து முடித்தோம். பஸ்ஸுக்கு நேரமாகிறது, வாரேன் என்று எழுந்தேன். அவள் வாசல்வரை வந்தாள். தெருவில் யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவியட்ட நீ ஒண்ணும் சொல்லிறலையே?" என்று கேட்டாள்.

"இல்லக்கா" என்றேன்.

"சரி, பாத்துப் போ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.